ஞானஸ்நானம் பெற்ற மாணவர்களைச் சீஷர்களாக வளர்ப்பது: சபைப் பள்ளிகளுக்கான முழுமையான வழிகாட்டி

பல சபைப் பள்ளிகளில் ஞானஸ்நானத்துக்கு முந்தைய வேதபாட வகுப்புகள் ஒழுங்காக நடக்கின்றன. பாடத்திட்டம் இருக்கிறது, நாள் குறித்திருக்கிறது, பொறுப்பாளரும் இருக்கிறார். ஆராதனை முடிந்து, வாழ்த்துச் சொல்லி, படம் எடுத்த பிறகு என்ன என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. திங்கட்கிழமை மணி அடித்ததும் அந்தப் பிள்ளை எல்லாரையும் போல வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறது. தன் வாழ்க்கையில் எடுத்த மிகப் பெரிய முடிவைப் பற்றி அதன் பிறகு யாரும் அதனிடம் பேசுவதில்லை.

இயேசு கொடுத்த கட்டளையில், ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர் சொன்னவற்றைக் கைக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதும் ஒரே மூச்சில் வருகின்றன (மத்தேயு 28:19-20). பரிசுத்த ஆவி சீஷர்கள்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய 3,000 பேர் சேர்க்கப்பட்டார்கள் என்று எழுதிய லூக்கா, அடுத்த வசனத்திலேயே அவர்கள் எவற்றில் உறுதியாய் நிலைத்திருந்தார்கள் என்றும் சொல்லிவிடுகிறார்: அப்போஸ்தலரின் உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம் (அப்போஸ்தலர் 2:41-42). இந்த நான்கும் ஒரு மாணவனின் வாரத்தில் எங்கே, யாரோடு, எப்படி நடக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சபை ஒரு பிள்ளையைப் பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள்தான் பார்க்கிறது. பள்ளி வாரம் முழுக்கப் பார்க்கிறது. தேர்வில் தோற்றபோது, நண்பனோடு சண்டை போட்டபோது, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து நல்லது செய்தபோது, எல்லாவற்றையும் பார்க்கிறது. இந்த நெருக்கம் பெரிய வரம். ஆனால் மதிப்பெண்ணும் தண்டனையும் நன்னடத்தைச் சான்றிதழும் அதே பள்ளியின் கையில்தான் இருக்கின்றன. "வேதம் வாசித்தாயா?" என்று ஆசிரியர் கேட்டால் பிள்ளை "வாசித்தேன்" என்றுதான் சொல்லும். அது அன்பினால் வந்த பதிலா, பயத்தினால் வந்த பதிலா என்று கேட்டவருக்கே தெரியாது. அதனால் நெருக்கத்தை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும், விசுவாசம் சம்பந்தப்பட்ட இடத்தில் அதிகாரத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். கொரிந்து சபைக்குப் பவுல் சொன்னது இதுதான்: உங்கள் விசுவாசத்துக்கு நாங்கள் அதிகாரிகள் அல்ல, உங்கள் சந்தோஷத்துக்கு உதவியாளர்கள் (2 கொரிந்தியர் 1:24).

குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில், மாணவப் பருவத்தில் நடப்பது திடப்படுத்தலாக, அதாவது குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தைப் பிள்ளை தானே அறிக்கையிட்டு உறுதிசெய்யும் ஆராதனையாக இருக்கும். பெயரும் ஒழுங்கும் வேறு என்றாலும், பின்வரும் படிகளில் பெரும்பாலானவை அங்கும் பொருந்தும்.

1. ஆராதனைக்கு முன்பே தொடங்குங்கள்

ஞானஸ்நானத்துக்குப் பின் வரும் பல சிக்கல்கள் அதற்கு முன்பே விதைக்கப்படுகின்றன. ஒரு வகுப்பில் நான்கு பேர் பெயர் கொடுத்தால் ஐந்தாவது பிள்ளையும் கொடுக்கும், ஏனென்றால் நண்பர்கள் கொடுத்திருக்கிறார்கள். பிரியமான ஆசிரியரைச் சந்தோஷப்படுத்தக் கொடுக்கும் பிள்ளையும் உண்டு. அது தவறான எண்ணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதன் மேல் மட்டும் எதையும் கட்ட முடியாது.

ஆகவே பெயர் கொடுத்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். "உன் நண்பர்கள் யாரும் எடுக்காவிட்டாலும் நீ எடுப்பாயா?" "இப்போது வேண்டாம் என்று தோன்றினால் என்னிடம் சொல்ல முடியுமா?" இந்த இரண்டு கேள்விகளும் போதும். இரண்டாவது கேள்விக்குப் பிள்ளை தயங்காமல் "முடியும்" என்று சொல்லும் அளவுக்கு அந்த உறவில் சுதந்திரம் இருக்க வேண்டும். தள்ளிப்போடுவது தோல்வி இல்லை என்று நீங்கள் வாயால் சொன்னால் போதாது. தள்ளிப்போட்ட பிள்ளையை மறுநாள் நீங்கள் நடத்தும் விதத்தில் அது தெரிய வேண்டும்.

பெற்றோரின் சம்மதம் கட்டாயம். கையெழுத்துக் காகிதத்தோடு நிறுத்தாமல் நேரில் பேசுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் நடந்த ஞானஸ்நானம் பிள்ளையின் மேல் தாங்க முடியாத பாரத்தை ஏற்றிவிடும், பள்ளியின் மேலுள்ள நம்பிக்கையையும் உடைத்துவிடும். சிறார் விஷயத்தில் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தலைமை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

2. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழித்துணை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கூட்டங்கள், முகாம்கள், போட்டிகள் எல்லாம் நல்லவைதான். ஆனால் ஒரு பிள்ளை சீஷனாக வளர்வது, பெரியவர் ஒருவர் அதன் பெயரைத் தினமும் ஜெபத்தில் சொல்லி, வாரந்தோறும் அதோடு உட்கார்ந்து பேசும்போதுதான். அதுவரை சீஷர்களைத் துன்புறுத்திவந்த சவுல் (பின்னாளில் பவுல்) மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் அவனைக் கண்டு பயந்தார்கள். பர்னபா என்ற ஒரு மனிதர் அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் அழைத்துப் போனார் (அப்போஸ்தலர் 9:26-27). அப்பொல்லோ வேதத்தில் வல்லவனாக இருந்தும் சில காரியங்களை அறியாமல் பேசியபோது, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவனைச் சபை நடுவே திருத்தவில்லை. தங்களிடம் அழைத்து, இன்னும் தெளிவாக விளக்கிச் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 18:26).

யாரை இப்படி வழித்துணையாக நியமிக்கலாம்? அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் போடும் ஆசிரியராகவோ, ஒழுங்கு நடவடிக்கைக்குப் பொறுப்பானவராகவோ இல்லாதவர் நல்லது. அலுவலக ஊழியர், நூலகர், வேறு வகுப்பு ஆசிரியர், சபையின் மூத்த விசுவாசி என்று யாராகவும் இருக்கலாம். பெண்பிள்ளைக்குப் பெண், ஆண்பிள்ளைக்கு ஆண். ஒருவர் பொறுப்பில் மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் அது இன்னொரு வகுப்பாகிவிடும். பேச்சுத் திறமை தேவையில்லை. கேட்கத் தெரிய வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு விதிகளை எழுத்தில் வையுங்கள். சந்திப்பு மற்றவர்கள் பார்க்கக்கூடிய இடத்தில், பள்ளி நேரத்திலோ அதையொட்டியோ நடக்க வேண்டும். பெற்றோருக்கும் தலைமை ஆசிரியருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கதவு மூடிய அறை, இரவு நேரத் தனிச் செய்திகள், ரகசியப் பரிசுகள் கூடாது. இன்னொன்றை வழித்துணை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்: "நீ சொல்வதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் உன்னை யாராவது காயப்படுத்துகிறார்கள் என்றாலோ, நீ உன்னையே காயப்படுத்திக்கொள்ள நினைக்கிறாய் என்றாலோ, உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும்." அப்படி ஏதாவது தெரியவந்தால் ஜெபித்து அனுப்பிவிடுவது போதாது. பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும், சட்டம் சொல்லும் இடத்திலும் அன்றே தெரிவிக்க வேண்டும்.

வாரம் இருபது நிமிடம் போதும். "இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது?", "வாசித்ததில் எது புரியவில்லை?", "நான் எதற்காக ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள். "எத்தனை நாள் வாசித்தாய்?" என்று கேட்காதீர்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும்.

3. முதல் வாரம்

நான்காம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எருசலேமுக்குப் பயணம் போன எகேரியா என்ற பெண், அங்கே கண்டதை எழுதி வைத்திருக்கிறார். உயிர்த்தெழுதல் பண்டிகையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அதைத் தொடர்ந்த எட்டு நாட்களும் கூடிவருவார்கள். அவர்கள் கடந்துவந்த ஒவ்வொன்றின் பொருளையும் ஆயர் விளக்குவார். கேட்டவர்களின் ஆரவாரம் ஆலயத்துக்கு வெளியேயும் கேட்டதாம். எருசலேம் ஆயர் சிரிலின் பெயரால் வழங்கும் ஐந்து உரைகள் இப்படிப் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குச் சொல்லப்பட்டவை. அனுபவித்த பிறகு விளக்குவது என்ற அந்த ஒழுங்கில் பெரிய ஞானம் இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்கி ஏறிய பிள்ளைக்கு ரோமர் ஆறாம் அதிகாரம் வேறு மாதிரிப் புரியும்.

அதனால் முதல் வாரத்தில் தினமும் சிறிது நேரம் ஒதுக்குங்கள். காலை வழிபாட்டுக்கு முன்னால் பதினைந்து நிமிடம் என்றாலும் போதும். முதலில் அவர்களைப் பேச விடுங்கள்: தண்ணீருக்குள் இறங்கும்போது என்ன நினைத்தாய், யாருடைய முகத்தைப் பார்த்தாய், பயமாக இருந்ததா. அப்புறம் ரோமர் 6:3-4 வாசித்து, கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு எழுந்ததன் பொருளைப் பேசுங்கள். அந்த வாரத்தில் தவறாமல் சொல்ல வேண்டிய இன்னொரு பகுதி உண்டு. யோர்தான் நதியில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்ற குரல் கேட்டதும், அடுத்த அதிகாரம் அவர் சோதிக்கப்பட்ட வனாந்தரத்தில்தான் தொடங்குகிறது (மத்தேயு 3:17, 4:1). சந்தோஷ உணர்ச்சி சில நாளில் அடங்கும். பழைய கோபம் திரும்பி வரும். அப்போது "நான் எடுத்த ஞானஸ்நானம் பொய்யோ" என்று பிள்ளை தனக்குள் கேட்டுக்கொள்ளும். அந்தக் கேள்வி வருமுன்பே பதில் அதன் கையில் இருக்க வேண்டும்: தகப்பனின் அன்பு சோதனைக்கு முன்பே அறிவிக்கப்பட்டது, சோதனையில் ஜெயித்ததற்குப் பரிசாக வந்ததல்ல.

அதே வாரத்தில் ஆசிரியர்கள் அனைவரையும் கூட்டி ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும். "ஞானஸ்நானம் எடுத்த பிள்ளையா இப்படிச் செய்வது?" என்ற வாக்கியம் இந்தப் பள்ளியில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. வீட்டுப்பாடம் செய்யாததற்கும், வரிசையில் பேசியதற்கும், மதிப்பெண் குறைந்ததற்கும் ஞானஸ்நானத்தை இழுக்கும்போது, பிள்ளை அதைக் கிருபையாக அல்ல, கழுத்தில் மாட்டிய கயிறாக உணரத் தொடங்குகிறது. பிள்ளைகள் விசுவாசத்தை விட்டு விலக இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு காரணமாகிறது என்பதைப் பெரியவர்கள் உணர்வதில்லை.

4. நாற்பது நாட்கள்: வேதமும் ஜெபமும்

முதல் வாரத்துக்குப் பின் வரும் நாற்பது நாட்களைப் பழக்கம் உண்டாக்கும் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால் எதுவும் நிற்காது. வேத வாசிப்பும் ஜெபமும் மட்டும் போதும்.

ஆதியாகமத்திலிருந்து தொடங்கி முழு வேதாகமத்தையும் வாசிக்கச் சொல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. லேவியராகமத்தில் பலரும் நின்றுவிடுவார்கள், நின்றதற்காகக் குற்ற உணர்ச்சியும் வரும். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரங்கள்தான். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்றால் இரண்டு வாரம் கழித்து இரண்டு நாளில் முடிந்துவிடும். இயேசு நடக்கிறார், தொடுகிறார், கேள்வி கேட்கிறார், சீஷர்கள் புரியாமல் விழிக்கிறார்கள். புதிதாக நடக்கத் தொடங்கியவர்களுக்கு அந்தச் சீஷர்களைப் போல ஆறுதல் தருகிறவர்கள் வேறு யாரும் இல்லை. அதன் பின் மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள மலைப் பிரசங்கத்தை ஒரு வாரம் மெதுவாக வாசிக்கலாம். பிலிப்பியர் நிருபத்தின் 4 அதிகாரங்களையும் யாக்கோபின் 5 அதிகாரங்களையும் சேர்த்தால் இன்னும் ஒன்பது நாள். மீதி நாட்களுக்குச் சங்கீதங்கள்.

வழித்துணையும் அதே நாளில் அதே அதிகாரத்தை வாசிக்க வேண்டும். இது சிறிய விஷயம்போலத் தோன்றும். ஆனால் "ஐந்தாம் அதிகாரத்தில் அந்தப் பன்றிகள் விஷயம் எனக்கும் சரியாகப் புரியவில்லை" என்று பெரியவர் சொல்லும்போது, வாசிப்பு தேர்வாக இல்லாமல் இருவர் சேர்ந்து செய்யும் காரியமாகிவிடுகிறது. பிள்ளை ஒரு நோட்டில் தினம் ஒரு வரி எழுதலாம். அந்த நோட்டை யாரும் திருத்தக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது, பிள்ளை தானாகக் காட்டினால் தவிரப் பார்க்கவும் கூடாது. பள்ளியில் வேதபாடத்துக்குத் தேர்வும் மதிப்பெண்ணும் இருக்கலாம், அது அறிவுக்கு. இந்த வாசிப்பை அதோடு கலந்துவிடாதீர்கள்.

ஜெபத்தைச் சொல்லிக்கொடுப்பதைவிட, கூட ஜெபிப்பதுதான் வழி. பெரியவர்களின் ஜெபம் நீளமாகவும் அலங்காரமாகவும் இருப்பதால், தனக்கு ஜெபிக்கத் தெரியாது என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். வழித்துணை மூன்று நான்கு எளிய வாக்கியங்களில் ஜெபிக்கட்டும். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை ஒரு நாளைக்கு ஒரு வரியாக எடுத்து, அந்த வரியைத் தன் சொந்தச் சொற்களில் சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள். "எங்கள் கடன்களை மன்னியும்" என்ற வரியின் நாளில், தான் மன்னிக்க வேண்டிய ஒருவரின் பெயரை மனதுக்குள் சொல்லட்டும். சங்கீதங்களில் புலம்பலும் கோபமும் நிறைய உண்டு. பதின்வயதுப் பிள்ளைக்கு 13ஆம் சங்கீதத்தைக் காட்டுங்கள். தேவனிடம் "எதுவரைக்கும்" என்று கேட்கலாம் என்று தெரிந்துகொள்வதே அதற்குப் பெரிய விடுதலையாக இருக்கும்.

சாமுவேலின் கதை இந்தக் கட்டத்தில் ஆசிரியர்களுக்குத்தான் முக்கியம். கர்த்தர் கூப்பிட்டபோது சிறுவன் ஆசாரியர் ஏலியிடம் ஓடினான். மூன்றாம் முறையில் ஏலி புரிந்துகொண்டார். புரிந்ததும் அவர் "நான் போய்க் கேட்டு வந்து சொல்கிறேன்" என்று எழுந்து போகவில்லை. எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்து, பிள்ளையைத் திரும்பப் படுக்க அனுப்பினார் (1 சாமுவேல் 3:9). தேவனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்காமல் விலகிக்கொள்வது ஆசிரியருக்கு எளிதாக வராது. பயிற்சி வேண்டும்.

5. பள்ளி வழிபாடு சபைக்கு மாற்று இல்லை

தினமும் பள்ளியில் வழிபாடு இருப்பதால், ஆராதனை நாளில் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வரும், சில ஆசிரியர்களுக்கும் வரும். பள்ளியில் ஒரே வயதினர்தான் இருக்கிறார்கள். சபையில் தள்ளாடும் பாட்டியும் கைக்குழந்தையும் வேலை தேடும் இளைஞரும் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறார்கள். அந்தக் குடும்பத்துக்குள்தான் ஞானஸ்நானம் பிள்ளையைச் சேர்த்திருக்கிறது.

போதகரும் பள்ளியின் ஆன்மிகப் பொறுப்பாளரும் மாதம் ஒரு முறையாவது பேசிக்கொள்ள வேண்டும். யார் வருகிறார்கள், யார் வரவில்லை, யாருக்குப் போக வழியில்லை, யார் வீட்டில் விடமாட்டார்கள் என்பதெல்லாம் அங்கே தெரிய வேண்டும். வருகைப் பதிவேடு எடுத்துத் திங்கட்கிழமை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்பதற்காக அல்ல. போக்குவரத்து இல்லாத பிள்ளையை அழைத்துச் செல்ல ஒரு குடும்பத்தை ஏற்பாடு செய்வதற்காக. சபையில் தங்கள் பெயரைத் தெரிந்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேராவது இருந்தால் பிள்ளைகள் தானாகவே வருவார்கள். திருவிருந்துக்கு முன் அதன் பொருளை அமைதியாக விளக்கிச் சொல்லுங்கள். முதல் முறை பங்குபெறும் நாளில் வழித்துணை பக்கத்தில் உட்காரட்டும்.

6. வீடு

விசுவாசம் வீட்டில் வேர்விடும் என்பதை வேதம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. உட்காரும்போதும் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் பேசு என்கிறது உபாகமம் 6:7. பவுலின் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் இருந்தது (2 தீமோத்தேயு 1:5). அவனுடைய தகப்பனோ கிரேக்கன். எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்காது என்பதற்கு வேதத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

பெற்றோர் விசுவாசிகளாக இருந்தால், பள்ளி அவர்களுடைய வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை வாசிக்கும் அட்டவணையைக் கொடுங்கள், வாரத்தில் இரண்டு நாள் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். பெயருக்குக் கிறிஸ்தவராக இருக்கும் வீடுகளில், பிள்ளையின் ஞானஸ்நானமே பெற்றோருக்குப் புதிய தொடக்கமாகலாம். போதகர் வீட்டுக்குப் போய் ஜெபிப்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

பெற்றோர் வேறு நம்பிக்கை உள்ளவர்களாக இருந்து, மனமுவந்து சம்மதித்திருந்தால், அந்தச் சம்மதத்தைப் பெரிய மரியாதையோடு நடத்துங்கள். பிள்ளை வீட்டில் பிரசங்கம் பண்ண வேண்டியதில்லை. முன்பைவிட அதிகமாகக் கீழ்ப்படிந்து, உண்மை பேசி, வேலையில் உதவினால் பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளை நிறைவேறுகிறது. வீட்டு வழிபாட்டில் கலந்துகொள்வது பற்றிய கேள்வி நிச்சயம் வரும். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடாதீர்கள். போதகர், பெற்றோர், பிள்ளை மூவரும் அமர்ந்து பொறுமையாகப் பேச வேண்டிய விஷயம் அது. பெற்றோருக்கு எதிராகப் பிள்ளையைத் திருப்பும் எந்த ஆலோசனையும் பள்ளியிலிருந்து போகக் கூடாது.

7. செய்வதற்கு ஒரு வேலை கொடுங்கள்

கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளை ஒரு கட்டத்தில் சலித்துப்போகும். சீஷர்கள் கேட்டார்கள், அனுப்பப்பட்டார்கள், திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார்கள், இயேசு அவர்களைத் தனியாக அழைத்துப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார் (மாற்கு 6:7, 30-31). செய்வது, திரும்பி வந்து பேசுவது, ஓய்வது மூன்றும் அதில் இருக்கின்றன. பள்ளிகள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நன்றாகப் பாடும், பேசும் பிள்ளையை உடனே மேடையில் ஏற்றிவிடும் ஆசை எல்லாருக்கும் உண்டு. விருந்தினர் வந்தால் சாட்சி சொல்லச் சொல்வோம். மேடை பாராட்டைத் தருகிறது, பாராட்டு ருசியானது, பிறகு பாராட்டில்லாத இடத்தில் ஊழியம் செய்யப் பிள்ளைக்குப் பிடிப்பதில்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளையோ தனக்கு இதில் இடமில்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. முதல் ஆறு மாதம் யாருக்கும் தெரியாத வேலைகளையே கொடுங்கள். பள்ளிக்கு வராத நோயாளி மாணவனுக்குப் பாடக் குறிப்பு எழுதிக் கொடுப்பது, புதிதாகச் சேர்ந்த பிள்ளையோடு மதிய உணவுக்கு உட்காருவது, சிறு வகுப்புக்குக் கதை வாசிப்பது, ஆராதனைக்குப் பின் நாற்காலிகளை அடுக்குவது, ஆசிரியர் ஒருவருக்காகத் தினமும் ஜெபிப்பது. ஐயாயிரம் பேர் பசியாறிய நாளில் ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் வைத்திருந்த பையனின் பெயரை யோவான் எழுதவில்லை (யோவான் 6:9). அதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஞானஸ்நானம் பெறாத நண்பர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பெற்றவர்களுக்குத் தனிச் சலுகை, தனி அடையாள அட்டை, தனிப் பாராட்டு எதுவும் வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த வருடம் பெயர் கொடுப்பவர்கள் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

8. விழும்போது

விழுவார்கள். ஞானஸ்நானம் பெற்ற மாணவன் தேர்வில் காப்பியடித்துப் பிடிபடும் நாள் வரும். அன்று பள்ளி நடந்துகொள்ளும் விதம், அதுவரை கற்பித்த எல்லாவற்றையும்விட ஆழமாக அவன் மனதில் பதியும்.

ஒழுங்கு நடவடிக்கை எல்லாருக்கும் போலவே இருக்கட்டும். ஞானஸ்நானம் பெற்றவன் என்பதற்காகக் கூடுதல் தண்டனையும் வேண்டாம், மூடி மறைப்பதும் வேண்டாம். அதை விதிப்படி உரிய ஆசிரியர் செய்யட்டும். வழித்துணை அந்த விசாரணையில் உட்காரக் கூடாது. அன்றோ மறுநாளோ அவர் தனியாக மாணவனைப் பார்க்க வேண்டும். முதலில் பேசாமல் கொஞ்ச நேரம் கூட இருங்கள். "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். காரணங்களை முழுவதும் கேளுங்கள், பெரும்பாலும் அதற்குள் ஒரு பயம் இருக்கும்: அப்பாவின் கோபம், மதிப்பெண் குறைந்தால் படிப்பு நின்றுவிடுமோ என்ற கவலை. பிறகு, நடந்ததற்கு அதன் உண்மையான பெயரை அவனே சொல்ல வேண்டும். பாவத்தை அறிக்கை செய்தால் மன்னிக்கத் தேவன் உண்மையுள்ளவர் என்ற 1 யோவான் 1:9 வசனத்தைச் சேர்ந்து வாசியுங்கள். யாருக்கு நஷ்டம் உண்டானதோ அவர்களிடம் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று அவனையே யோசிக்க விடுங்கள். முடிவில் அடுத்த வாரம் சந்திக்கும் நேரத்தை உறுதிசெய்துவிட்டு எழுந்திருங்கள். உறவு முறியவில்லை என்பதற்கு அதுதான் அவனுக்குப் புரியும் அடையாளம். சாந்தமுள்ள ஆவியோடு சீர்ப்படுத்துங்கள் என்று கலாத்தியர் 6:1 சொல்வது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

மாற்கு என்னும் யோவான் முதல் ஊழியப் பயணத்தில் பாதியிலேயே திரும்பிப் போய்விட்டான். பவுல் அவனை மறுபடியும் அழைத்துப்போக மறுத்தார். பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார் (அப்போஸ்தலர் 15:37-39). பல வருடம் கழித்துச் சிறையிலிருந்து அதே பவுல், மாற்குவை அழைத்து வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்று எழுதினார் (2 தீமோத்தேயு 4:11). இந்தப் பிள்ளைகள் நாற்பது நாளில் முதலில் வாசித்த சுவிசேஷம் அவன் பெயரில்தான் வழங்குகிறது. அதை அவர்களுக்கு இந்த நேரத்தில் சொல்லுங்கள்.

9. கேள்விகளும் சந்தேகங்களும்

பதின்மூன்று வயதுக்கு மேல் கேள்விகள் வரத்தான் செய்யும். அறிவியல் வகுப்பில் கேட்டதற்கும் ஆதியாகமத்துக்கும் என்ன தொடர்பு? ஜெபித்தும் பாட்டி ஏன் இறந்தார்? மற்ற மதத்து நண்பன் என்ன ஆவான்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் பள்ளியில் பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள், சந்தேகப்படுவதை நிறுத்த மாட்டார்கள். பெயர் எழுதாமல் கேள்வி போடும் பெட்டி ஒன்றை வைத்து, மாதம் ஒரு முறை போதகரும் ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும்" என்று அழுத தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை (மாற்கு 9:24).

பிற்காலத்தில் சபையின் பெரிய இறையியலாளராக விளங்கிய அகஸ்டின் 387ஆம் ஆண்டு மிலானில் ஆயர் அம்புரோஸின் கையால் ஞானஸ்நானம் பெற்றபோது, அவருடைய மகன் அதெயோடாட்டஸும் கூடவே பெற்றான். அப்போது அவனுக்கு ஏறக்குறைய 15 வயது. அதன் பிறகு அகஸ்டின் தன் மகனோடு நடத்திய ஓர் உரையாடலை நூலாக எழுதினார். அதில் மகன் சொல்வதெல்லாம் 16 வயதில் அவனுடைய சொந்தக் கருத்துகளே என்றும், அவனுடைய அறிவு தன்னை வியக்கவைத்தது என்றும் எழுதியிருக்கிறார். ஆசிரியர் என்பவர் யார் என்பதே அந்த உரையாடலின் பொருள். வெளியே நின்று பேசுகிறவர் நினைவூட்டலாம், உண்மையை உள்ளே இருந்து கற்பிப்பவர் கிறிஸ்துவே என்ற இடத்தில் அது போய் முடிகிறது. புதிதாக ஞானஸ்நானம் பெற்ற ஒரு பதின்வயதுப் பையனின் கேள்விகளை இவ்வளவு மதித்த தகப்பன் அவர்.

10. வளர்ச்சியை எப்படிப் பார்ப்பது

பள்ளிக்கு எல்லாவற்றையும் அளந்து பழக்கம். இதை அளக்க முடியாது, ஆனால் கவனிக்க முடியும். மன்னிப்புக் கேட்க எடுக்கும் நேரம் குறைகிறதா? யாரும் பார்க்காத இடத்தில் நடத்தை மாறுகிறதா? ஜெபத்தில் தனக்கு வேண்டியதை மட்டும் கேட்ட பிள்ளை மற்றவர்களின் பெயரைச் சொல்லத் தொடங்கியிருக்கிறதா? கஷ்டமான கேள்வியை வழித்துணையிடம் கொண்டுவருகிறதா? பருவத்துக்கு ஒரு முறை வழித்துணைகள் கூடி, ரகசியங்களை வெளியிடாமல், யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று மட்டும் பேசி ஜெபித்தால் போதும். பட்டியல், தரவரிசை, சிறந்த சீஷன் விருது எதுவும் வேண்டாம். ஆசிரியர்கள் தங்களுக்காகவும் ஜெபிக்கும் வழக்கம் அந்தக் கூட்டத்திலேயே தொடங்கட்டும். வகுப்பில் கோபப்பட்டுக் கத்திய ஆசிரியர் மறுநாள் மன்னிப்புக் கேட்டால், பிள்ளைகள் மனந்திரும்புதலைப் பற்றி ஒரு பருவம் முழுக்கக் கேட்டதைவிட அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

11. பள்ளியை விட்டுப் போகும்போது

இந்த இடத்தில்தான் நிறைய பிள்ளைகளை இழக்கிறோம். பள்ளி தாங்கிப் பிடித்த வழக்கங்கள் எல்லாம் பள்ளியோடு நின்றுவிடுகின்றன. அதனால் கடைசி வருடத்தின் தொடக்கத்திலிருந்தே பிடியைத் தளர்த்துங்கள். வாராந்தரச் சந்திப்பு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகட்டும். எதை வாசிப்பது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தனக்குப் பின் ஞானஸ்நானம் பெற்ற சிறிய பிள்ளை ஒருவருக்கு, பெரியவரின் மேற்பார்வையில், இவரே துணையாக இருக்கலாம்.

எந்த ஊருக்குப் படிக்கவோ வேலைக்கோ போகப்போகிறார் என்று தெரிந்ததும், அங்கே உள்ள சபையைக் கண்டுபிடியுங்கள். முகவரி மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். அங்கே உள்ள போதகரிடமோ ஒரு குடும்பத்திடமோ முன்கூட்டியே பேசி, பெற்றோருக்கும் தெரியப்படுத்தி, முதல் வாரமே ஒருவர் நேரில் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். புதிய இடத்தில் முதல் மூன்று நான்கு வாரங்களில் சபைக்குப் போகாதவர் பிறகு போவது கடினம். வழித்துணை அந்த முதல் மாதத்தில் வாரம் ஒரு முறை கூப்பிட்டுப் பேசட்டும். "சபைக்குப் போனாயா?" என்று தொடங்க வேண்டாம். சாப்பாடு எப்படி, அறையில் கூட இருப்பவர்கள் எப்படி, இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்டுவிட்டு, அப்புறம் எதற்காக ஜெபிக்கட்டும் என்று கேளுங்கள். அதற்குள் சபையைப் பற்றி அவரே சொல்லியிருப்பார்.